சிம்மாசனத்தில் போட்ட துண்டு!

நம் ஊர் நாடகங்களில் ராஜா வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்பதுதான். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனாலும் மந்திரியைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்.

இன்றைக்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ராஜாக்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை மட்டும்தான் பாக்கி. பதில் பிடிக்கவில்லை என்று மந்திரியை மாற்ற முடியாது. 'ஏன் பொழியவில்லை?' என்று அதட்டவும் முடியாது. 1867-ல் வால்டர் பாஜட் என்கிற இங்கிலீஷ் பத்திரிகை ஆசிரியர் இதையே புத்தகமாக எழுதி வைத்தார். அவர் கணக்குப்படி அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜாவுக்கு உரிமைகள் மூன்று. அவரிடம் யோசனை கேட்க வேண்டும், அவர் உற்சாகப்படுத்தலாம், எச்சரிக்கலாம். அவ்வளவுதான். நம் வீட்டில் ரிட்டயரான தாத்தாவுக்கும் இதே மூன்று உரிமைகள்தான். முதலாவது உரிமை சில வீடுகளில் அதுவும் கிடையாது!

ஆனாலும் பாருங்கள், இன்னும் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ராஜாவோ, சுல்தானோ, அமீரோ, கோமகனோ தலைவராக இருக்கிறார். இதில் 15 நாடுகளுக்கு ஒரே ராஜா, மூன்றாம் சார்லஸ். ஒரே ஆள் பதினைந்து கம்பெனிகளுக்குச் சேர்மன் மாதிரி. சவூதி, புரூணை போல ராஜாவே நிஜமாக ஆளுகிற தேசங்களை இங்கே விட்டுவிடுவோம். ஆளாமலே ராஜாவாக இருப்பவர்களைப் பற்றித்தான் என் கேள்வி. அதிகாரம் இல்லை, ஓட்டு வாங்கி வரவில்லை, பரீட்சை எழுதவில்லை. இவர்களுக்கு எதற்குச் சம்பளம்? இன்னும் எத்தனை நாளைக்கு?

முதலில் செலவுக் கணக்கு

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் செலவுப் பக்கம்தான் கண் போகும். இங்கிலாந்தின் கணக்கைப் பார்ப்போம். அது ஒளிவு மறைவில்லாமல் அச்சடித்து வருகிறது.

1760-ல் மூன்றாம் ஜார்ஜ் ஒரு ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார். பரம்பரை நிலங்களின் வருமானம் சர்க்காருக்கு. பதிலுக்கு சர்க்கார் அவர் குடும்பச் செலவுக்கு ஒரு தொகை தரும். 2012-லிருந்து இதற்குப் புது ஃபார்முலா. அந்த நிலங்களை நிர்வகிக்கும் 'கிரவுன் எஸ்டேட்' நிறுவனத்தின் லாபத்தில் 15 சதவிகிதத்துக்குச் சமமான தொகை அரண்மனைக்கு. 2017-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒயரிங், குழாய் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. பத்து வருஷ வேலை. எஸ்டிமேட் 36 கோடியே 90 லட்சம் பவுண்டு. (நம் வீட்டு கொத்தனார் எவ்வளவோ தேவலை.) அதற்காக 25 சதவிகிதம் ஆக்கினார்கள். பிறகு கடலில் காற்றாலை நிறுவ இடம் குத்தகைக்கு விட்டதில் கிரவுன் எஸ்டேட்டின் லாபம் எகிறியது. உடனே விகிதத்தை 12 ஆகக் குறைத்தார்கள்.

குறைத்தும் என்ன ஆயிற்று? 2024-25-ல் 8 கோடியே 63 லட்சம் பவுண்டாக இருந்தது, 2025-26-ல் 13 கோடியே 21 லட்சம் பவுண்டு! சதவிகிதம் குறையும், தொகை கூடும். போதாக்குறைக்கு, போன வருஷத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு ஷரத்து. இப்படி ஒரு ஷரத்து நம் இன்க்ரிமெண்டுக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! போலீஸ் பாதுகாப்புச் செலவு இந்தக் கணக்கில் வராது, அது தனி.

ஆனால், அந்த நாட்டு ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு இரண்டு பவுண்டுக்குள்தான் வருகிறது. ஆகவே, 'செலவு ஜாஸ்தி' என்பதால் மட்டும் ராஜாவை அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றவில்லை. ஜனாதிபதிக்கும் மாளிகை வேண்டும், காவல் வேண்டும், கார் வேண்டும். செலவுப் பக்கத்தை விட்டுவிட்டு சொத்துப் பக்கம் போவோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத சொத்து

பி.காம். முதல் வருஷத்தில் 'குட்வில்' என்று ஒரு பாடம் வரும். ஒரு ஓட்டலை விற்கிறார்கள். மேஜை, நாற்காலி, கிரைண்டர், பாத்திரம் எல்லாம் கூட்டினால் பத்து லட்சம்தான் தேறுகிறது. ஆனால் வாங்குகிறவர் பதினைந்து லட்சம் கொடுக்கிறார். மீதி ஐந்து லட்சம் எதற்கு? நாளைக்குக் காலையில் கதவைத் திறந்தால் ஜனங்கள் பழக்கதோஷத்தில் அங்கேயே வந்து இட்லி சாப்பிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு! அந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் குட்வில். தொட்டுப் பார்க்க முடியாது. சாம்பாரில் ஒருநாள் பல்லி விழுந்தால் போச்சு!

ஆளாத ராஜாவிடம் இருக்கும் ஒரே சொத்து இந்த குட்வில்தான். 1992 நவம்பரில் விண்ட்ஸர் கோட்டையில் தீப்பிடித்தது. ரிப்பேர் செலவை அரசாங்கம் ஏற்கும் என்று மந்திரி சொன்னதும் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். எலிசபெத் ராணிக்குச் சூடு உறைத்தது. அடுத்த வருஷமே பக்கிங்ஹாம் அரண்மனையைத் திறந்துவிட்டு, டிக்கெட் போட்டுப் பணம் சேர்த்தார். 1993-லிருந்து வருமான வரியும் கட்ட ஆரம்பித்தார். மகாராணி டிக்கெட் கவுண்டர் வைத்தது கௌரவக் குறைச்சல் என்று அன்றைக்குச் சிலர் முணுமுணுத்தார்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது குட்வில் கணக்கில் வரவு!

சரி, அந்த குட்வில்லை வைத்து ராஜா தேசத்துக்கு என்ன செய்து தருகிறார்?

துண்டுத் தத்துவம்

பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள். வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு பறந்துபோய் சீட்டில் விழும். அந்தத் துண்டுக்கு டிக்கெட் கிடையாது. அது எந்த ஊருக்கும் போகப் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் துண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அது அங்கே கிடக்கிறவரை மற்றவர்கள் உட்காரத் தயங்குகிறார்கள். மதிக்கிறார்கள், அதனால் செல்லுபடியாகிறது. அவ்வளவுதான்.

அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜா, நாட்டின் உச்சாணி சீட்டில் போட்ட துண்டு. வண்டியை ஓட்டுவது பிரதமர்தான். ஆனால், எத்தனை சூரப்புலியாக இருந்தாலும் அந்த ஒரு சீட்டில் அவர் உட்கார முடியாது. ராணுவத்தின் சல்யூட், நோட்டில் படம், 'நான்தான் தேசம்' என்கிற நினைப்பு, இதெல்லாம் அந்த சீட்டோடு போகிற சமாசாரங்கள். அதை யாருக்காகப் பிடித்து வைத்திருக்கிறது? வண்டிக்குச் சொந்தக்காரர்களான ஜனங்களுக்காக!

துண்டுக்கு நான்கு விதிகள் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. சமயத்தில் விலகக் கூடாது. தானே வண்டி ஓட்டக் கிளம்பக் கூடாது. அழுக்காகக் கூடாது. கிழிந்தால் மாற்றுத் துண்டு தயாராக இருக்க வேண்டும். ராஜாக்கள் இருந்த கதை, போன கதை எல்லாவற்றையும் இந்த நான்கில் அடக்கிவிடலாம்.

விலகிய துண்டு, விலகாத துண்டு

1922 அக்டோபர். இத்தாலியில் முசோலினியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் ரோம் நகரை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். ராணுவச் சட்டம் கொண்டுவர உத்தரவு தயாரித்து ராஜா விக்டர் இம்மானுவேலிடம் நீட்டினார் பிரதமர். ராஜா கையெழுத்துப் போட மறுத்தார். மறுநாள் முசோலினியையே கூப்பிட்டு மந்திரிசபை அமைக்கச் சொன்னார்! அதன்பிறகு இருபது வருஷம் இத்தாலி பட்டபாடு ஊருக்கே தெரியும். 1943-ல் அதே ராஜா முசோலினியை நீக்கினார். என்ன பிரயோஜனம்? 1946 ஜூனில் ஜனங்களிடம் ஓட்டெடுப்பு வைத்தார்கள். ராஜா வேண்டாம் என்று 54 சதவிகிதம் பேர் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர் நார்வே. 1905-ல் ஸ்வீடனிலிருந்து பிரிந்தபோது டென்மார்க் இளவரசர் ஒருவரை ராஜாவாக வரச்சொல்லி அழைத்தார்கள். அவர், "முதலில் உங்கள் ஜனங்களைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஓட்டெடுப்பு நடந்தது; கிட்டத்தட்ட 79 சதவிகிதம் ஆதரவு. அதற்குப் பிறகுதான் வந்து ஏழாம் ஹாகோன் ஆனார். 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை உள்ளே நுழைந்தது. குவிஸ்லிங் என்கிற தங்கள் கையாளைப் பிரதமராக்கச் சொல்லி ஜெர்மன் தூதர் நெருக்கினார். ஹாகோன் தன் மந்திரிகளிடம் சொன்னது இதுதான்: முடிவு உங்களுடையது, ஆனால் நீங்கள் சம்மதித்தால் நான் பதவி விலகிவிடுவேன். மந்திரிசபையும் நிமிர்ந்து நின்றது. ராஜா பிறகு லண்டனுக்குப் போய் அங்கிருந்தபடியே ஐந்து வருஷம் போராட்டத்தின் அடையாளமாக இருந்தார். குவிஸ்லிங் என்ற பெயர் இங்கிலீஷ் அகராதியில் 'துரோகி' என்ற அர்த்தத்தில் ஏறிவிட்டது. நார்வேயில் ராஜ பரம்பரை இன்னும் இருக்கிறது.

இவ்வளவு பெரிய ஆபத்து தினமும் வராது. சாதாரண நாளில் துண்டு என்ன செய்யும்? மலேசியாவைப் பாருங்கள். அங்கே வாழும் நம் ஜனங்களுக்கு 'மாமன்னர்' என்பது அன்றாடம் தமிழ்ச் செய்தியில் காதில் விழுகிற வார்த்தை. ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள், தங்களுக்குள் முறை வைத்து ஆளுக்கு ஐந்து வருஷம் மாமன்னர் ஆகிறார்கள். கிட்டத்தட்ட நம் தெருவில் சீட்டு போடுகிற மாதிரிதான். 2022 நவம்பர் தேர்தலில் யாருக்கும் மெஜாரிட்டி வரவில்லை. ஐந்து நாள் இழுபறி. அன்றைய மாமன்னர் கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார், மற்ற சுல்தான்களையும் கலந்தார், அன்வர் இப்ராஹிமைப் பிரதமராக நியமித்தார். வண்டி நகர்ந்தது. இதே மலேசியாவில், சுல்தான்கள் மேல் எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது என்று ஒரு காலத்தில் இருந்தது. 1993-ல் மகாதீர் அரசாங்கம் அந்தப் பாதுகாப்பை நீக்கி, தனி விசேஷ கோர்ட் வைத்தது. துண்டுக்கும் அவ்வப்போது சலவை தேவைப்படுகிறது!

துண்டு டிரைவர் சீட்டுக்குப் போனால்...

அப்படிப் போனது நேபாளத்தில். 1990-ல் ஜனங்கள் தெருவுக்கு வந்து போராடியபோது, ராஜா பீரேந்திரா இறங்கி வந்தார். அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்கு விட்டுக்கொடுத்தார். மரியாதை கூடியது. 2001 ஜூன் 1-ம் தேதி ராத்திரி அரண்மனை விருந்தில் அந்தப் பயங்கரம் நடந்தது. ராஜா, ராணி உள்படக் குடும்பமே சுட்டுக் கொல்லப்பட்டது. சுட்டது பட்டத்து இளவரசர் தீபேந்திரா என்றது விசாரணைக் கமிட்டி. நினைவிழந்து கிடந்த அவரையே ராஜாவாக அறிவித்தார்கள்; மூன்று நாளில் அவரும் போனார். சித்தப்பா ஞானேந்திரா பட்டத்துக்கு வந்தார்.

2005 பிப்ரவரி 1-ம் தேதி ஞானேந்திரா பிரதமரை டிஸ்மிஸ் செய்துவிட்டு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். டெலிபோன் லைன் கட். தலைவர்களுக்கு வீட்டுக் காவல். மாவோயிஸ்டுகளை அடக்கப் போகிறேன் என்று காரணம் சொன்னார். நடந்தது என்ன? அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் ராஜாவுக்கு எதிராகக் கைகோத்துவிட்டார்கள். 2006 ஏப்ரலில் 19 நாள் போராட்டம். ராஜா பணிந்தார். 2008 மே 28-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் 560-க்கு 4 என்ற ஓட்டில் சுமார் 240 வருஷத்து முடியாட்சி முடிந்தது. அரண்மனை இப்போது மியூசியம்.

அதே இமயமலையின் இன்னொரு மூலையில் பூடான். அங்கே யாரும் கேட்காமலே அதிகாரத்தைக் கொடுத்தார் நான்காவது ராஜா ஜிக்மே சிங்யே வாங்சுக். 1998-லேயே நிர்வாகத்தை மந்திரிசபையிடம் விட்டார். 2006-ல் 51-வது வயதில் மகனுக்கு முடிசூட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஜனங்களோ, "எங்களுக்கு எதற்கு தேர்தல்? ராஜாவே போதுமே" என்று தயங்கினார்கள். 2008-ல் தேர்தல் வந்தது. அரசியல் சட்டமும் வந்தது. 65 வயதானால் ராஜா ரிட்டயராக வேண்டும் என்றும், தப்பு செய்தால் பார்லிமெண்டும் ஜனங்களின் ஓட்டும் சேர்ந்து அவரை இறக்கலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. தன்னை டிஸ்மிஸ் செய்யும் விதியைத் தானே முன்நின்று எழுத வைத்த ராஜா! ஆனால் முழுக்கக் கைதட்டிவிட முடியவில்லை. அவருடைய ஆட்சியில்தான் 1990-களில் நேபாளி பேசும் பூடான்காரர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் அகதிகளாக வெளியேறினார்கள். கொடுத்த கையும் அதுதான், விரட்டிய கையும் அதுதான்.

நேபாளத்துக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு. ராஜா போனபின் ஒரு டஜனுக்கு மேல் மந்திரிசபைகள் மாறிவிட்டன. சலித்துப்போன ஜனங்களில் ஆயிரக்கணக்கானோர் 2025 மார்ச்சில் காட்மாண்டு விமான நிலையத்தில் திரண்டு, "ராஜா திரும்பி வரட்டும்" என்று ஞானேந்திராவை வரவேற்றார்கள். அதே செப்டம்பரில் இளைஞர்கள் போராட்டத்தில் அரசாங்கமே கவிழ்ந்தது. அப்போது இடைக்காலப் பிரதமராக யாரைக் கொண்டுவந்தார்கள்? அரண்மனையிலிருந்து யாரையும் இல்லை. சுப்ரீம் கோர்ட்டின் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கியை. டிரைவர் சரியில்லை என்றால் டிரைவரை மாற்ற ஆசைப்படுகிறார்கள். ஒருமுறை டிரைவர் சீட்டுக்குப் போன துண்டைத் திரும்ப நம்புவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

யானையும் இடுப்பெலும்பும்

மூன்றாவது விதிக்கு உதாரணம், ஸ்பெயின். சர்வாதிகாரி பிராங்கோ தன் வாரிசாக வளர்த்துவிட்டுப் போனவர் ஹுவான் கார்லோஸ். 1975-ல் மொத்த அதிகாரமும் கையில் வந்தது. அதை வைத்துக்கொள்ளாமல் ஜனநாயகத்துக்கு வழிவிட்டார். 1981 பிப்ரவரி 23-ம் தேதி துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்த ஒரு லெப்டினெண்ட் கர்னல் எம்.பி.க்களைச் சிறைபிடித்தார். அன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குமேல், ராணுவ உடையில் டெலிவிஷனில் தோன்றி, அரசியல் சட்டத்தின் பக்கம்தான் நான் என்றார் ராஜா. புரட்சி பிசுபிசுத்தது. முடியாட்சி பிடிக்காதவர்கள்கூட, "ராஜா வேண்டாம், ஆனால் இந்த ராஜா ஓகே" என்றார்கள்.

அந்த ஒரு ராத்திரியில் சேர்ந்த குட்வில் முப்பது வருஷம் தாங்கியது. 2012 ஏப்ரல். நாட்டில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை என்கிற நிலைமை. ராஜா ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போய், விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வன உயிர்ப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுக்கு அவரே அப்போது கௌரவத் தலைவர்! (சங்கம் அவரை நீக்கியது.) மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் தடுக்க முடியவில்லை. மருமகன் மேல் ஊழல் வழக்கு. 2014-ல் மகன் பெலிப்பேக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு விலகினார். வெளிநாட்டுப் பணம் பற்றிய செய்திகள் கிளம்பின. மகன், "அப்பாவின் சொத்து எனக்கு வேண்டாம்" என்று அறிவித்து, அப்பாவின் அலவன்ஸையும் நிறுத்தினார். 2020 ஆகஸ்டில் பெரியவர் அபுதாபிக்குப் போய்விட்டார். ஸ்பெயினில் கிரிமினல் வழக்கு எதுவும் அவர்மேல் கோர்ட்டுக்கு வரவில்லை; வரி பாக்கி மட்டும் 40 லட்சம் யூரோவுக்கு மேல் 2021-ல் கட்டினார். அவ்வளவு வலிய சொந்த அப்பாவைத் தள்ளிவைத்துத்தான் மகன் சீட்டைக் காப்பாற்றியிருக்கிறார்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அழுக்கு வெளியே தெரியாமல் சட்டம் போட்டுவிட்டால்? தாய்லாந்தில் அதுதான் நடக்கிறது. ராஜாவை அவமதித்தால் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 வருஷம்வரை ஜெயில். அந்தச் சட்டத்தைத் திருத்துவோம் என்று சொன்ன கட்சி 2023 தேர்தலில் அதிக இடம் பிடித்தது. 2024 ஆகஸ்டில் கோர்ட் அந்தக் கட்சியையே கலைத்துவிட்டது. கணக்குப் பார்க்கவே கூடாது என்று சொல்லும் கம்பெனியில் குட்வில் எவ்வளவு என்று எந்த ஆடிட்டரும் சொல்ல முடியாது. அங்குள்ள முதலாளிக்கும் அது தெரியாது. அதுதான் ஆபத்து.

மாற்றுத் துண்டு எங்கே?

ஜப்பானில் பிரச்னையே வேறு. அங்கே மரியாதைக்குக் குறைவில்லை. 1947-ல் வந்த அரசியல் சட்டப்படி சக்கரவர்த்திக்கு ஆளும் அதிகாரம் துளியும் கிடையாது. பஞ்சம் வாரிசுக்கு! ஆண் வழியில் வந்த ஆண் மட்டுமே பட்டத்துக்கு வரலாம். முன்காலத்தில் ஆசை நாயகி வழியில் பிறந்த பிள்ளையும் ஏற்கப்பட்டது. இன்றைய சக்கரவர்த்தியின் கொள்ளுத்தாத்தா அப்படிப் பிறந்தவர்தான். அந்த வழி இப்போது சட்டத்தில் இல்லை.

இன்றைய சக்கரவர்த்தி நருஹிட்டோவுக்கு ஒரே பெண், ஐகோ. மகாராணி மசாகோ கல்யாணத்துக்கு முன் வெளியுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். ஆண் குழந்தை எங்கே, ஆண் குழந்தை எங்கே என்ற நெருக்கடியில் மனம் நொந்து, வருஷக்கணக்காகப் பொது நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுங்கியிருந்தார். நம் வீட்டு மருமகள்கள் பலருக்குத் தெரிந்த கதைதான். அரண்மனையானால் மட்டும் வலிக்காதா? 2005-ல் அரசாங்கக் குழு ஒன்று, பெண்ணும் பட்டத்துக்கு வரலாம் என்று சிபாரிசு செய்தது. 2006 செப்டம்பரில் நருஹிட்டோவின் தம்பிக்கு ஹிசாஹிட்டோ பிறந்தான். 41 வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் ஆண் குழந்தை. உடனே சிபாரிசைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள்.

வரிசையில் இப்போது மூன்றே பேர்: 1965-ல் பிறந்த தம்பி, 1935-ல் பிறந்த சித்தப்பா, இந்த ஹிசாஹிட்டோ. ஓர் இளைஞன் தோள்மேல் மொத்தப் பரம்பரையும்! அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வரும் பெண் மேல் முதல் நாளிலிருந்தே அதே கேள்வி விழும். அவன் அக்கா மாகோ 2021-ல் கூடப் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, சட்டப்படி அரச குடும்பத்திலிருந்து வெளியேறினார். கொடுக்க வந்த பணத்தையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு அமெரிக்கா போய்விட்டார்.

ஐரோப்பா இதை முன்பே யோசித்தது. 1980-ல் ஸ்வீடன் ஆரம்பித்து வைத்தது. ஆணோ பெண்ணோ, மூத்தது முதலில். 2024 ஜனவரியில் டென்மார்க் ராணி மார்கரெத்தே விலகியதிலிருந்து உலகத்தில் பட்டத்து ராணி ஒருவரும் இல்லை. ஆனால் ஸ்வீடன், பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின் என்று நான்கு நாடுகளில் அடுத்த வாரிசு பெண்தான். ரிட்டயர்மெண்டும் வந்துவிட்டது. நெதர்லாந்தில் 2013, ஜப்பானில் 2019, லக்ஸம்பர்கில் 2025 என்று உயிரோடு இருக்கும்போதே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

துண்டு இல்லாத சீட்

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உண்டு. 1947 ஆகஸ்ட் 15-க்கும் 1950 ஜனவரி 26-க்கும் நடுவில் சட்டப்படி நமக்கும் ராஜா ஆறாம் ஜார்ஜ்தான். அந்த ராஜாவின் கடைசிப் பிரதிநிதியாக கவர்னர் ஜெனரல் மாளிகையில் இருந்தவர் யார் தெரியுமா? நம் ராஜாஜி! பிறகு ராஜாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜனாதிபதியை வைத்தோம். ஆளைத்தான் மாற்றினோம், நாற்காலியின் வடிவம் அதேதான். மந்திரிசபை சொல்கிறபடி கையெழுத்துப் போடுகிற நாற்காலி.

அந்தக் கையெழுத்து விஷயத்தில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய மசோதாவுக்குக் கடைசியாகக் கையெழுத்து மறுத்தது 1708-ல், ஆன் ராணி. மூன்று நூற்றாண்டாக எந்த ராஜாவுக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. 1990-ல் பெல்ஜியம் ராஜா பொதுவாங், கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட மனசாட்சி இடம்தரவில்லை என்றார். என்ன செய்தார்கள்? ஏப்ரல் 4-ம் தேதி 'ராஜாவால் பணியாற்ற இயலவில்லை' என்று அறிவித்து, மந்திரிகளே கையெழுத்துப் போட்டு, மறுநாள் அவரைத் திரும்பப் பட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்! ராஜாவுக்கு மனசாட்சியும் மிஞ்சியது, ஜனங்களுக்குச் சட்டமும் மிஞ்சியது. ராஜாவே இல்லாத நம் தேசத்தில், கவர்னர் ஒரு மசோதாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்வரை போனது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கில் கெடு விதித்துத் தீர்ப்பு வந்தது. நவம்பரில் அரசியல் சட்ட பெஞ்ச், கோர்ட் கெடு விதிக்க முடியாது, ஆனால் காலவரையின்றி வைத்திருக்கவும் கூடாது என்றது. ராஜாவை ஒழித்தால் ராஜா பிரச்னை ஒழிந்துவிடாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

ஆக, முடிவாக என் கணக்கு இது. தூரத்து நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். 2021 நவம்பரில் பார்படோஸ் எலிசபெத் ராணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேஸன் அம்மாளையே ஜனாதிபதி ஆக்கியது. அவசரப்படாதவர்களும் உண்டு, 1999-ல் ஆஸ்திரேலியாவில் ஓட்டெடுப்பு வைத்தபோது சுமார் 55 சதவிகிதம் பேர் மாற்றம் வேண்டாமென்றார்கள். அங்கே ராணி பேரில் பாசம் என்பதைவிட, புது ஜனாதிபதியை அரசியல்வாதிகள் தேர்ந்தெடுப்பார்களே என்கிற பயம் ஜாஸ்தி! ஐரோப்பாவில் ராஜாக்கள் இன்னும் சில தலைமுறை இருப்பார்கள். குடும்பம் சிறுசாக, கணக்கு வெளிப்படையாக. இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் ராஜா தன் சொந்தத் தம்பியின் இளவரசர் பட்டத்தையே எடுத்துவிட ஏற்பாடு செய்தது இந்தக் கணக்கில்தான் சேரும்.

ராஜாக்களைப் புரட்சி துரத்தியதைவிட அவர்களே துரத்திக்கொண்டதுதான் அதிகம். இத்தாலியிலும் நேபாளத்திலும் ஜனங்கள் கடைசியாகத்தான் வந்தார்கள்; கதவை முதலில் திறந்துவிட்டது ராஜாவேதான். இனிமேலும் அப்படித்தான் நடக்கும். தப்பு செய்யாத ராஜாவுக்கு வரும் ஆபத்து இன்னொன்று: 'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று சொல்லும் பிள்ளைகள். பிறக்கும்போதே வேலை, விரும்பியதைப் பேச முடியாது, விரும்பியவரைக் கட்டினால் வீட்டைவிட்டுப் போக வேண்டும். தலைக்கு இரண்டு பவுண்டு செலவு ஜனங்களுக்கு அதிகமில்லை. அந்த ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவுதான் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை.

அதுவரை துண்டு சீட்டில் கிடக்கட்டும். போட்டவர்கள் யார் என்பது அதற்கு ஞாபகம் இருந்தால் சரி.